டோனாவூர்: கல்வெட்டு இல்லாத ஒரு கல்லறை

நெல்லை மாவட்டம் களக்காட்டுக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது டோனாவூர். பெயர் விநோதமாக இருக்கிறதா? இங்கே தேவாலயம் கட்டப் பணம் கொடுத்த ஜெர்மன் பிரபு டோனாவின் பெயர்தான் ஊருக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆனால், வெளியூர்க்காரர்கள் தேடி வருவது ஏமி கார்மைக்கேலின் நினைவைத்தான். அயர்லாந்தில் பிறந்து 1895ல் இந்தியா வந்தவர். 1901ல், பொட்டுக்கட்டப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து அவரிடம் தஞ்சமடைந்தாள். அடுத்தடுத்துக் குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். 1918 முதல் ஆண் குழந்தைகளும். அத்தனை பேருக்கும் ஏமிதான் 'அம்மா'. சொந்த ஊருக்கு அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை.

இத்தனைக்கும், காகிதத்தில் அவர் யாருக்கும் தாய் அல்ல. திக்கற்ற பிள்ளைகளை ஆதரிப்பதுதான் பக்தி என்கிறது யாக்கோபு நிருபம். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கோ தத்தெடுக்கத் தனிச்சட்டமே இல்லை. 1956ல் வந்த சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியருக்கு மட்டும். மற்றவர்கள் 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி 'பாதுகாவலர்' ஆகலாம். பிள்ளை மேஜரானதும் அதுவும் முடிந்துவிடும்; சொத்துரிமையும் தானாக வராது. எந்த மதத்தினரும் முறைப்படி பெற்றோராகும் வழியைத் தெளிவாக்கியது, இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 2006 திருத்தம். ரொம்பத் தாமதம்தான்!

1951 ஜனவரியில் ஏமி காலமானார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த்தொட்டி வைத்தார்கள். அதில் தாயைக் குறிக்கும் ஒற்றைச் சொல் மட்டும் இருக்கிறது.

வளாகம் சுற்றுலாத் தலமல்ல. முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.