தேநீரின் விலை

மலிவான திராட்சை மதுவை எவ்வுணவோடு அருந்தலாம் என்பதை விளக்கும் நூலொன்றை விடுதி நண்பர் ஒருவர் என்னிடம் தந்தார். மது விலக்கப்பட்ட சம்மாந்துறைச் சூழலில் வளர்ந்த எனக்கு இதனால் யாது பயன் என்று எண்ணியவாறே புரட்டினேன். 'தனின்' என்ற ஒரு சொல் என்னை நிறுத்தியது. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள அத்துவர்ப்புப் பொருள், உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து நாவை உலர்த்துமாம். கொழுப்புணவின் பிசுபிசுப்பை அகற்றுமாம். அவ்வினத்துத் துவர்ப்புத்தான் எங்கள் தேத்தண்ணியிலும் உள்ளது.

எங்களூரார் நூல் எதனையும் படிக்காமலே இப்பொருத்தத்தை அறிந்திருந்தனர். கலியாண வீட்டிலே சகனைச் சுற்றியமர்ந்து மாட்டிறைச்சியும் நெய்ச்சோறும் உண்டபின், கடுஞ்சாயத்து இஞ்சித் தேநீர் வரும். தேங்காய்ப்பால் திரண்ட தொதலுக்கும் வட்டிலப்பத்துக்கும் சீனியற்ற வெறுந்தேநீரே ஏற்றது. வயல் வாடியிலோ, உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்துக் கடித்துக் கடித்துக் குடிப்பர். சீனியைக் கரைத்தால் கோப்பை ஒவ்வொன்றுக்கும் வேண்டும். கடித்தால் ஒரு துண்டே போதும். தேயிலைத் தூளும் அத்தகையதே. நுண்துகளாதலால் விரைவாகச் சாயமிறங்கும். சிறிதளவிலேயே பல கோப்பைகள் காணும்.

இம்மலிவுக்குப் பின்னே ஒரு வரலாறுண்டு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடிகளைத் தாக்கத் தொடங்கிய இலைநோய் அப்பயிரை அழிக்க, மலைநாடு தேயிலைக்கு மாறிற்று. தமிழகத்திலிருந்து வந்தோர் அதனைப் பறித்தனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. நாம் மலிவென்று மகிழும் கோப்பைக்குரிய விலையை வேறு யாரோ செலுத்தியிருக்கின்றனர்.

அந்த 'வேறு யாரோ' என் வீட்டிலும் இருந்தார் என்பதைப் பின்னரே உணர்ந்தேன். உம்மாவுக்குக் குருதிச்சோகை இருப்பதாக மருத்துவர் கூறினார். உணவோடு தேநீர் அருந்தினால், அதன் துவர்ப்புப் பொருள்கள் கீரை, பருப்பு, தானியங்களிலுள்ள இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாமல் தடுக்கும் என்பதை நான் பாடத்திற் படித்திருந்தேன். விடுமுறையில் வந்து அதனைப் பெருமிதத்தோடு விளக்கினேன்.

உம்மா சிரித்தார். "சோத்துக்குப் பிறகு தேத்தண்ணி குடிக்காட்டி, திண்டது செமிக்காது மகன்."

அப்போதுதான் அவர் உண்ணும் முறை நினைவுக்கு வந்தது. மீன்துண்டு வாப்பாவுக்கு, எருமைத்தயிர் பிள்ளைகளுக்கு, சட்டியின் அடியில் எஞ்சிய ஆணமும் சோறும் அவருக்கு. வயிற்றின் மீதியிடத்தை இரண்டு கோப்பைத் தேநீர் நிரப்பிற்று. 2022இல் பொருள் விலைகள் ஏறியபோது, சோறு குறைந்தது, கோப்பை கூடியது. அவருடைய பசி அடங்கிய வழியையே நான் பழக்கமென்று பெயரிட்டுத் திருத்த முற்பட்டிருக்கிறேன்.

பிறகு நான் விளக்கம் கூறவில்லை. அன்று பகலுணவில் என் மீன்துண்டிற் பாதியை அவருடைய பீங்கானில் வைத்தேன். வேண்டாமென்றவர், சிறிது நேரத்தின்பின் உண்டார். வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் பிழிந்தேன். அதன் புளிப்பிலுள்ள உயிர்ச்சத்து 'சி' இரும்பு சேரத் துணைபுரியும். தேநீரை ஒருமணி நேரம் பிந்தி அருந்தச் சம்மதித்தார்.

எந்த உணவுக்கு எந்தப் பானம் என்ற கேள்வி சுவைஞர்க்கு மட்டும் உரியதென்று நான் நினைத்திருந்தேன். யாருடைய பீங்கானில் என்ன இருக்கிறது என்பதை நோக்காமல் அதற்கு விடை சொல்ல இயலாதென்பதை இப்போது அறிகிறேன். அசர்த் தொழுகை முடித்து உம்மா கேத்திலை அடுப்பில் ஏற்றும்போது, கோப்பைகளைக் கழுவி வைப்பது இவ்விடுமுறைகளில் என் வேலையாயிருக்கிறது.