தேயிலையைத் தொடரும் கேள்வி

ஹேவாஹெட்டை மலைச்சரிவிலே லூல்கந்துரைத் தோட்டம் அமைந்துள்ளது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் அங்கு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதுவே இலங்கைத் தேயிலைத் தொழிலின் தொடக்கம். அவர் பெயர் வரலாற்றில் நிலைத்தது. மண்ணைக் கொத்தி நாற்று நட்டோரின் பெயர்களோ செக்றோல் ஏடுகளோடு மறைந்துபோயின.

ஒரு கம்பனி யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது? பங்குதாரருக்கு மட்டுந்தானா? மலையகத்திலே இவ்வினா கூர்மையானது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. வாக்கில்லாதவர் குரலுக்குப் பாராளுமன்றத்திலே செவி ஏது? அக்குரல் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

வழி பிறக்கத்தான் செய்தது. கண்டியிலே போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972இல் நிறுவிய சத்தியோதயம், சிங்களவரையும் தமிழரையும் ஒருங்கே இருத்தித் தோட்ட மக்களின் பிரச்சினைகளை ஆராய்ந்தது. 1973இல் பிரித்தானியாவின் கிரனாடா தொலைக்காட்சி, ஒரு கோப்பைத் தேநீருக்குத் தொழிலாளர் கொடுக்கும் விலையைப் படமாக்கிக் காட்டியது. மறு ஆண்டில் 'வோர் ஒன் வோண்ட்' என்னும் பிரித்தானிய அமைப்பு தன் ஆய்வறிக்கையை வெளியிட்டது. லயன் அறையின் அவலம், தேநீர் அருந்துவோரின் வீட்டுக் கூடத்துக்கே சென்று சேர்ந்தது. கம்பனிகளும் விளக்கம் கூறவேண்டிய நிலை தோன்றியது.

ஆனால், 1975இல் அத்தோட்டங்களை அரசு பொறுப்பேற்றது. பதில் சொல்ல வேண்டியவர் மாறினர், கேள்வி மாறவில்லை. கண்டிப் பகுதித் தோட்டங்கள் சிலவற்றிலே, நிலச்சீர்திருத்தத்தின் பெயரால் தொழிலாளர் வேலையும் இருப்பிடமும் இழந்தனர். 1992இல் முகாமைத்துவம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. தராசின் முன் நிற்கும் பெண்ணுக்கோ, உரிமையாளர் யாராயினும் அச்சம் ஒன்றே: கொழுந்தின் நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான்!

இதிலிருந்து பெறப்படும் பாடம் யாது? கேள்வி உரிமையாளரின் பெயரோடு நின்றுவிடலாகாது. தேயிலையைத் தொடர்ந்து செல்லவேண்டும். தோட்டம், ஏலம், ஏற்றுமதி, அங்காடி எனக் கைமாறும் இடந்தோறும் அது எழவேண்டும். 2011இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பேரவை ஏற்ற வழிகாட்டும் கோட்பாடுகளும், 2023இல் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்த விநியோகச் சங்கிலிச் சட்டமும் இவ்வழியிற் சென்றவையே.

எனினும், சட்டம் தானாக மலையேறி வராது. செய்தியைக் கொண்டுசெல்லும் அமைப்புகள் வேண்டும். அவற்றிலே கொழுந்து பறிப்பவள் படமாக மட்டும் இருத்தல் போதாது. முன்னறிவித்து வரும் தணிக்கையாளர், துரையோடு சென்று துரை காட்டியதையே பார்த்துத் திரும்புவாராயின், அவரது சான்றிதழ் யாருடைய சாட்சியம்? தன் நிறையைத் தானே வாசித்து, தன் சம்பளச் சீட்டைத் தானே எடுத்துரைக்கும் உரிமை அவளுக்கு வாய்க்கும்போதே கம்பனியின் பொறுப்பு என்னும் சொல் பொருள் பெறும். பேராதனையிலிருந்து நோக்கினால் ஹந்தானை மலைத்தொடர் தெரியும். அதற்கப்பாலுள்ள ஹேவாஹெட்டை, கற்றோருக்குத் தொலைவான ஊரன்று.