ஊழியம், பங்கு, கூலி

2015 செப்டம்பர் கடைசியில் மூணாறுக்குப் போனபோது, பாதி மொழிபெயர்த்த ஆங்கிலப் பொருளாதாரப் புத்தகம் ஒன்று என் பையில் இருந்தது. ‘நவதாராளவாதம்’ என்ற சொல் பக்கத்துக்கு நாலு முறை வந்து வதைத்துக்கொண்டிருந்தது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அந்தச் சொல்லைப் பிரித்து எழுதத் தெரியும். பொருள் புரிந்ததா என்பது வேறு விஷயம்.

எனக்கு ஊர் பாலக்காட்டின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். பெரியம்மா மகளை மூணாறு எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மலையேறினால் அக்கா வீடு. வீடு என்றால் லயம். வரிசையாக ஒட்டிக் கட்டியவற்றில் ஒன்று.

அந்த மாதத் தொடக்கத்தில்தான் ஊரே அதிர்ந்தது. கண்ணன் தேவன் கம்பெனி 10 சதவீத போனஸ் அறிவித்தது. முந்தைய ஆண்டு 19. ஆயிரக்கணக்கான பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டே சேர்க்கவில்லை. லிஸி சன்னி, கோமதி அகஸ்டின், இந்திராணி மணிகண்டன் என்று அதுவரை எந்த மேடையிலும் கேட்காத பெயர்கள் முன்னால் நின்றன. இயக்கத்துக்குப் பெயர் ‘பெம்பிளை ஒருமை’. தமிழ் இலக்கணத்தில் ஒருமை என்றால் ஒன்று. மலையாளத்தில் ஒற்றுமை. இரண்டு பொருளும் அங்கே பொருந்தின.

செப்டம்பர் 13 இரவு உம்மன் சாண்டி அரசு நடத்திய பேச்சுவார்த்தையில் 20 சதவீதம் கிடைத்தது. அதில் 8.33 போனஸ், மீதி 11.67 ‘எக்ஸ் கிரேஷியா’. தமிழில் என்ன என்று அக்கா கேட்டாள். கருணைத் தொகை என்றேன்.

“ரோட்டுல உக்காந்து வாங்கினதுல கருணை எங்க வந்துச்சு?”

நான் பேசாமல் இருந்தேன். அகராதி அவள் பக்கம் இல்லை. நியாயம் இருந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு விவாதம் மூண்டது. அத்தானுக்கு ஃபாக்டரியில் வேலை. அவருக்கு வேலைநிறுத்தத்தில் முழுச் சம்மதம் இல்லை. 2005-இல் டாட்டா டீ இந்தத் தோட்டங்களைப் புதிய கம்பெனிக்கு மாற்றி, தொழிலாளர்களையே பங்குதாரர்களாக்கியது. “கம்பெனி நம்மளது. லாபம் குறைஞ்சா போனஸும் குறையத்தானே செய்யும்? பீருமேட்டைப் பாரு” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. 2000 வாக்கில் தேயிலை விலை சரிந்தபோது பீருமேட்டில் பல எஸ்டேட்டுகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். சம்பளமில்லாமல் அதே லயங்களில் ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள்.

“பங்குதாரர்னா கணக்குப் பார்க்கும்போது என்னையும் கூப்பிட்டிருக்கணும். குறைக்கும்போது மட்டும் நான் முதலாளியா?” என்றாள் அக்கா.

அத்தானின் அப்பா சர்ச்சில் ஊழியம் செய்கிறவர். எந்த வேலையையும் ஆண்டவனுக்கே செய்வதாக நினைத்துச் செய்தால் முணுமுணுப்பு வராது என்பது அவர் கட்சி. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். அவருடைய அப்பாவுக்கு வாரத்தில் ஆறு நாள் கங்காணியுடையது. ஞாயிறு மட்டும்தான் தன்னுடையது. அன்று சர்ச்சில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மதம் கொடுத்த அந்த ஒரு நாள் நிமிர்வை வெறும் மயக்கம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

என் பங்குக்குப் படிப்பைக் காட்டினேன். பழைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியார் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்த கட்டாய வேலைக்குப் பெயர்தான் ஊழியம். கர்னல் மன்றோ ரெசிடென்டாக இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் அதிலிருந்து கிறிஸ்தவர்களுக்கு விலக்குக் கிடைத்தது. பிறகு அதே சொல் இறைபணியைக் குறித்தது. இன்று அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறவரும் ஊழியர்தான். ஒரு சொல், அரசன், ஆண்டவன், கம்பெனி என்று மூன்று வாசல்.

அக்கா பொறுமையாகக் கேட்டாள். “சரி, இந்தப் புத்தகத்துக்கு உனக்கு எவ்வளவு தர்றாங்க?”

திக்கினேன். பதிப்பகத்தார் ‘தமிழுக்குச் செய்யும் தொண்டு’ என்றார்கள். தொகையைப் பற்றிப் பேச்சே எழவில்லை. கேட்க எனக்குக் கூச்சம்.

“நாங்க கிள்ளுற கொழுந்துக்குக் கிலோக் கணக்கு இருக்கு. நீ எழுதுறதுக்கு ஒரு கணக்கும் இல்லையா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

தூக்கம் வரவில்லை. நாலு முறை வந்து வதைத்த அந்தச் சொல் அப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டது. உழைப்பவனைப் பங்குதாரர், குடும்பம், தொழில்முனைவோர் என்று வாயாரக் கூப்பிடுவது. அந்தப் பெருமையில் கூலியைக் கேட்க அவனே கூசிப்போவது. மதம் வேலைக்கு ஓர் அர்த்தம் கொடுத்தது. சந்தை அந்த அர்த்தத்தைக் கடன் வாங்கி, கூலிக் கணக்கில் கழித்துக்கொள்கிறது.

அதற்காக வேலையில் அர்த்தமே இல்லை என்று அக்கா சொல்லவில்லை. ரோட்டில் உட்கார்ந்திருந்த நாட்களிலும் ‘கொழுந்து முத்திப் போகுமே’ என்றுதான் அவள் கவலைப்பட்டாளாம். செடி மேல் பிரியம் வேறு, கூலி வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் தத்துவம்.

அக்டோபரில் 232 ரூபாய் தினக்கூலி 301 ஆனது. கேட்டது 500. ஊர் திரும்பிய நான், பக்கத்துக்கு இவ்வளவு என்று பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வாரம் கழித்துக் கேட்டதில் பாதி வந்தது. ரசீதில் ‘சன்மானம்’ என்று அச்சடித்திருந்தது. அதை அடித்துவிட்டு மேலே ‘கூலி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.