ஒரு மனிதருக்கு இரண்டு சைக்கிள்கள் எதற்கு?



ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபஜ்ர் தொழுது, பொழுது புலர்ந்த பின் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் சற்று நின்று பார்த்தால் ஒரு காட்சி தென்படும். தலைக்கவசம் அணிந்து, முதுகை வளைத்து, மெல்லிய சக்கரங்களின் மீது இளைஞர்கள் காற்றாய்ப் பறந்து செல்வார்கள். சென்னையிலிருந்து புறப்படுவோரில் பலர் மாமல்லபுரத்தோடு திரும்பிவிடுவர். சிலர் மட்டும் நம் புதுப்பட்டினத்தையும் கல்பாக்கத்தையும் கடந்து தெற்கே போவார்கள். அண்மைக் காலமாக நம் மஹல்லாவின் பிள்ளைகள் சிலரும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் நம்மிடம் மக்தபில் ஓதிய மாணவர். அவர் வீட்டில் இரண்டு சைக்கிள்கள் உண்டு. ஒன்று கரடுமுரடான பாதைக்குரிய தடித்த சக்கரங்கள் கொண்ட மலைச் சைக்கிள். மற்றொன்று தார்ச்சாலைக்கென்றே செய்யப்பட்ட மெல்லிய சைக்கிள். இரண்டாவதின் விலை ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் விலைக்கு ஈடு என்று யாரோ நம்மிடம் கூறினார்கள். அந்தச் செய்தியை நாம் என்ன செய்தோம் என்பதே இக்கட்டுரை.

கடந்த ஆண்டு ஒரு மாலை, இளைஞர் வகுப்பில் வீண்விரயம் குறித்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். உண்பதிலும் உடுப்பதிலும் வரம்பு மீறக் கூடாது என்று விளக்கிவிட்டு, உதாரணம் தேடியபோது நாவு முந்திக்கொண்டது. “மனிதனுக்கு இருப்பதோ இரண்டு கால்கள். ஒரு நேரத்தில் ஒரு சைக்கிளைத்தான் மிதிக்க முடியும். நம் ஊரிலேயே ஒருவர் இரண்டு சைக்கிள் வைத்திருக்கிறார், இரண்டும் பல்லாயிரம் ரூபாய்!” என்றோம். வகுப்பே சிரித்தது. பெயர் சொல்லவில்லை. ஆனால் எல்லாருடைய கண்களும் ஒரே திசையில் திரும்பின. அந்தத் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வாரம் அவர் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

உண்மை கசந்திருக்கும் என்று நாம் நமக்கே சொல்லிக்கொண்டோம். ஒருவருடைய குறையைத் தனிமையில் எடுத்துரைக்க வேண்டும், சபையில் உடைக்கக் கூடாது என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவர் நாம். அந்தப் பாடம் அன்று நம் நினைவுக்கு வரவில்லை.

நம்மிடமும் ஒரு சைக்கிள் உண்டு. காலையில் ஒரு குப்பத்திலும் மாலையில் மற்றோர் ஊரிலும் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறோம். சவுக்குத் தோப்புகளின் ஊடே மணல் பாதைகளில் போக வேண்டியிருப்பதால் கியர் வைத்த மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தோம். அது நம் கணக்கில் தேவை. தம்பியுடையது மட்டும் விரயம்!

மார்கழிக் குளிர் நாள் ஒன்றில், மரக்காணத்தில் நோயுற்றிருந்த, நம்முடன் ஓதிய தோழர் ஒருவரைப் பார்த்து வரக் கிளம்பினோம். மருத்துவர் உடற்பயிற்சி செய்யுமாறு வற்புறுத்தி வந்த காலம். ஆகவே பேருந்தை விட்டுச் சைக்கிளிலேயே போவோம் என்று துணிந்தோம். ஒரு வழி 40 கிலோமீட்டருக்கும் மேல். போகும்போது சிரமம் தெரியவில்லை. பாலாற்றுப் பாலம், கூவத்தூர், கடப்பாக்கம் எல்லாம் கடந்து உப்பளங்கள் தென்படும்போது நம்மைப் பற்றி நமக்கே பெருமிதமாக இருந்தது.

திரும்பும்போதுதான் வாடைக்காற்று நம்மைப் பிடித்தது. வடகிழக்கிலிருந்து முகத்தில் அறைந்தது. தடித்த சக்கரங்கள் தார்ச்சாலையை விட மறுப்பவைபோல் ஒட்டிக்கொண்டு முனகின. நிமிர்ந்து அமர்ந்திருந்த நம் உடலும் ஜிப்பாவும் பாய்மரமாகி நம்மைப் பின்னுக்கு இழுத்தன. கூவத்தூரைத் தாண்டியபோது தொடைகள் நடுங்கின. கையிலிருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது.

அப்போது பின்னாலிருந்து ஸலாம் கேட்டது. அதே தம்பி. மெல்லிய சைக்கிளில் தெற்கேயிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். தம் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். பின்னர், “ஹஜ்ரத், எனக்குப் பின்னாலேயே வாங்க. ஒரு முழம் தள்ளி வந்தாப் போதும். காத்து உங்க மேல படாது” என்றார். அவருடைய இயல்பான வேகத்தில் பாதிகூட இருக்காது. பாலாற்றுப் பாலம் வரை நமக்கு முன்னே சென்று, அவ்வளவு காற்றையும் தம் நெஞ்சில் வாங்கிக்கொண்டார். சபையில் நாம் யாரைத் தலைகுனிய வைத்தோமோ, அவருடைய குனிந்த முதுகின் மறைவில்தான் அன்று நாம் வீடு வந்து சேர்ந்தோம். வழி நெடுக அந்த முதுகைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை.

வயலூர் அருகே ஒரு தேநீர்க் கடையில் இறங்கினோம். வெட்கத்தை விட்டு, “இரண்டு சைக்கிள் எதற்கு என்று சொல், கேட்கிறேன்” என்றோம். அவர் கோபப்படவில்லை. இரண்டு சைக்கிள்களையும் அருகருகே நிறுத்திப் பாடம் நடத்தினார். நாம் மாணவராகக் கேட்டோம்.

மலைச் சைக்கிளின் டயர் இரண்டு அங்குலத்துக்கும் மேல் அகலம். அதில் காற்றழுத்தம் 30 பவுண்டு அளவே இருக்கும். சாலைச் சைக்கிளின் டயர் 25 முதல் 28 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஓர் அங்குலம்தான். அதில் 80, 90 பவுண்டு வரை காற்றடைப்பார்கள். நம் எடை ஒன்றுதான். அழுத்தம் மூன்று மடங்கானால் தரையைத் தொடும் ரப்பரின் பரப்பு மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. அந்த மெல்லிய டயரை நம் சவுக்குத் தோப்பு மணலில் இறக்கினால் கத்தியைப்போல் புதைந்துவிடும். அகன்ற டயரோ எடையைப் பரப்பி, மணலுக்கு மேலே மிதந்து செல்லும். தார்ச்சாலையில் இது தலைகீழ். அகன்ற, முட்கள் வைத்த, காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்ந்து நம் உழைப்பை விழுங்குகிறது. போதாக்குறைக்கு, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டும்போது மிதிப்பவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. வளைந்து கீழிறங்கும் கைப்பிடி அதற்காகத்தான். அலங்காரத்துக்கு அன்று.

“அப்படியானால் சாலைச் சைக்கிள் ஒன்றே போதுமே?” என்றோம்.

“வேலைக்குப் போற வழி பாதி மண்ணு ஹஜ்ரத். மழை பெஞ்சா சேறு. அதுல இதை விட்டா அன்னைக்கே போச்சு. மலைச் சைக்கிள்தான் என் வண்டி. அதுல நல்லா ஓட்டணும்னா மூச்சு வேணும். அந்த மூச்சைப் பழக்கிக்கத்தான் இது” என்றார்.

பிறகு தேடிப் படித்தபோது, இது அவர் கண்டுபிடித்த நியாயம் அன்று என்பது விளங்கியது. மலைச் சைக்கிள் பிறந்ததே சாலைச் சைக்கிள்காரர்களின் கையில்தான். 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில், டமல்பையஸ் மலையடிவாரத்தில் இருந்த சாலைப் பந்தயக் கழகத்தின் இளைஞர்கள் சிலர், தடித்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களைத் தேடியெடுத்து மலைப்பாதைகளில் இறங்கத் தொடங்கினார்கள். 1976இல் அங்கே நடந்த இறக்கப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். ஒருமுறை இறங்கியதும் பின்சக்கர பிரேக் சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர் அது. அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் மலைப்பாதைக்கென்றே புதிதாக ஒரு சைக்கிளைக் கட்டினார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது தனிப் போட்டியாகவே இடம்பெற்றது. மலைப்பாதைப் போட்டிகளில் வளர்ந்த ஆஸ்திரேலியாவின் கேடல் எவன்ஸ் 2011இல் பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற நெடுஞ்சாலைப் பந்தயத்தையே வென்றார். இங்கிலாந்தின் டாம் பிட்காக் மலைச் சைக்கிளில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் பெற்றவர். சாலைப் பந்தயத்திலும் முன்னணியில் நிற்பவர். ஒன்றில் பெற்ற மூச்சு மற்றொன்றுக்கு உதவுகிறது. ஒன்றில் பழகிய லாவகம் மற்றொன்றில் விழாமல் காக்கிறது.

இதைப் படித்தபோது, நாம் பலமுறை ஓதிக்கொடுத்த ஒரு ஹதீஸ் புதிதாகப் புரிந்தது. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தியை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பது ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. உடல் இறுகப் பயிற்சி அளிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல். எந்த வாகனத்துக்கு எந்தத் தூரம் என்று அண்ணலார் பிரித்தே வைத்தார்கள். அவர்களிடமே கஸ்வா என்ற ஒட்டகமும் துல்துல் என்ற கோவேறு கழுதையும் இருந்தன. ஒன்று இருக்கிறதே, மற்றொன்று எதற்கு என்று எந்த ஸஹாபியும் கேட்டதாக நாம் ஓதியதில்லை.

இதனால் எத்தனை சைக்கிள் வேண்டுமானாலும் வாங்கிக் குவிக்கலாம் என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். விரயம் இந்தப் பொழுதுபோக்கிலும் தாராளமாக நுழையக்கூடியதே. இலேசான சக்கரம், அதனினும் இலேசான சக்கரம் என்று ஆசைக்கு முடிவில்லை. தேநீர்க் கடையில் அந்தத் தம்பியே இதை ஒப்புக்கொண்டார். “பழைய வண்டியாப் பார்த்து ரொக்கத்துக்குத்தான் வாங்கினேன் ஹஜ்ரத். கடையில தவணைக்குத் தர்றேன்னாங்க. வட்டி இருக்குன்னு தெரிஞ்சதும் விட்டுட்டேன். அது உங்க வகுப்புல கேட்டதுதான்” என்றார். நம் பாடத்தின்படி வாழ்ந்தவரையே நாம் பாடத்துக்கு உதாரணமாக்கிச் சிரிக்க வைத்திருந்தோம்.

ஆகவே இப்போது நாம் எண்ணிக்கையைக் கேட்பதில்லை. வேறு சிலவற்றைக் கேட்கிறோம். வாங்கிய பணத்தில் வட்டி கலந்ததா? பெற்றோர், மனைவி மக்களின் உரிமை அதில் குறைந்ததா? அது தூசி படிந்து நிற்கிறதா, உழைக்கிறதா? அதிகாலைப் பயணத்துக்காக ஃபஜ்ர் ஜமாஅத் தவறுகிறதா? முந்திச் செல்லும்போது உள்ளத்தில் கர்வம் ஏறுகிறதா? கர்வத்துக்கு மருந்தாகவும் ஒரு செய்தி உண்டு. அண்ணலாரின் அள்பா என்ற ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவரின் இளம் ஒட்டகம் அதை முந்திவிட்டது. தோழர்களுக்கு அது கனத்தது. உலகில் உயர்ந்த எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தில் நபியவர்கள் ஆறுதல் கூறினார்கள். சாலையில் நம்மை ஒருவர் முந்தும்போது நினைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

சாலை என்றதும் மற்றொன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாகனங்கள் எவ்வளவு வேகத்தில் செல்கின்றன என்பதை நாம் அறிவோம். சைக்கிளுக்கெனத் தனித்தடம் நம் பக்கம் இல்லை. முன்னும் பின்னும் விளக்கும் தலைக்கவசமும் இல்லாமல் பிள்ளைகளை இருட்டில் அனுப்பாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்பது இதற்கும் பொருந்தும்.

அடுத்த வகுப்பில் நாம் எழுந்து நின்று, சபையில் செய்த தவறைச் சபையிலேயே ஒப்புக்கொண்டோம். யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தம்பி அன்றும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்து, கடைசி வரிசையில் அமர்ந்தார். மன்னித்தாரா என்று நாம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. முன்போல் முதல் வரிசைக்கு அவர் இன்னும் வரவில்லை என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். சொல் புறப்பட்ட பிறகு அதைத் திருப்பி அழைக்கும் வழி ஆசிரியருக்கும் இல்லை.

இறுதியாக ஒன்று. மரக்காணத்துத் தோழரின் உடல்நிலை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டிய நிலையில் இருக்கிறது. சென்ற மாதம் பழைய சாலைச் சைக்கிள் ஒன்று குறைந்த விலைக்கு வந்தது. தம்பிதான் பார்த்துச் சொன்னார். வீட்டில் கொண்டுவந்து நிறுத்தியபோது மனைவி இரண்டு சைக்கிள்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “மனுஷனுக்கு ரெண்டு காலுதானேங்க?” என்றார். வகுப்பில் நாம் சொன்னது வீடு வரை வந்திருக்கிறது! கேள்வி கேட்டவர் நாம். பதில் சொல்ல வேண்டியவரும் நாமே ஆனோம்.

அதன் வால்வு மெல்லியது. நம் தெரு பஞ்சர் கடையின் பம்பு அதில் பொருந்தாது. அதற்கென்று விரல் நுனியளவு பித்தளைத் திருகு ஒன்றை அந்தத் தம்பி நம் கையில் வைத்துவிட்டுப் போனார். அதை மாட்டினால் எந்தக் கடையிலும் காற்றடைக்கலாம். ஜிப்பாப் பையில் தஸ்பீஹ் மணியோடு அதுவும் கிடக்கிறது. வாகனத்தில் ஏறும் துஆவை ஓதும்போது, இதை வசப்படுத்தும் ஆற்றல் நமக்கு இருக்கவில்லை, அவனே வசப்படுத்தித் தந்தான் என்ற பொருளோடு, நம் நாவையும் அவ்வாறே வசப்படுத்தித் தருமாறு சேர்த்துக் கேட்டுக்கொள்கிறோம்.

வல்ல ரஹ்மான் நம் பயணங்களைப் பாதுகாப்பானதாகவும், நம் பொருள்களைப் பயனுள்ளதாகவும், நம் சொற்களைப் பிறரைக் காயப்படுத்தாதவையாகவும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.