பதில் சொல்லாத பெட்டி

இறம்பொடை என்றதும் பலருக்கு நீர்வீழ்ச்சியே நினைவுக்கு வரும். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அந்த நீரைப் படம் பிடிப்பதற்காக வாகனத்தை நிறுத்துவோர், எதிர்ச்சரிவில் வரிசையாய்த் தெரியும் லயங்களையும் தம்மையறியாமலே படம் பிடித்துச் செல்கின்றனர். அந்த லயங்களுள் ஒன்றில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராவில், என் அப்பாயி வாழ்கிறார். அக்காம்பராவில் இருக்கும் பழைய தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றியும், அதை ஆள்வதற்காக அண்ணன் கொண்டுவந்து வைத்த சிறு கருவியைப் பற்றியும் எழுதவே இக்கட்டுரையைத் தொடங்கினேன். எழுத வேண்டிய வேறொன்றும் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

பெட்டி இருபத்தோர் அங்குலத்தது; முதுகு புடைத்த பழைய வகை. அப்பா உயிரோடிருந்த காலத்தில் தீபாவளி முற்பணத்தில் வாங்கியது. அதற்கொரு ரிமோட், செய்மதி அலைவரிசைப் பெட்டிக்கு இன்னொரு ரிமோட். இரண்டையும் ஈரம் படாதவாறு பொலித்தீன் பையில் இட்டு, இறப்பர் வளையம் போட்டு வைத்திருப்பார் அப்பாயி. பின்மூடி தொலைந்துபோன ஒன்றில் மின்கலங்களைத் தாங்கிப் பிடிப்பதும் அந்த வளையமே.

நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த கை அவருடையது. 2022இல் இலேசான பக்கவாதம் வந்து சென்ற பின்னர் வலக்கைப் பெருவிரலில் உணர்வு குறைந்துவிட்டது. பொலித்தீனுக்குள் இருக்கும் பொத்தானை அழுத்தினோமா இல்லையா என்பது அவருக்குத் தெரிவதில்லை. ஒன்றுக்குப் பதில் இரண்டு முறை அழுத்துவார். பெட்டி எரிந்து உடனே அணையும். "இந்தச் சனியன் என்னைய ஏய்க்குது" என்பார்.

கொழும்பில் கையடக்கத் தொலைபேசி திருத்தும் கடையொன்றில் வேலை செய்யும் அண்ணன், 2023இல் விடுமுறைக்கு வந்தபோது உள்ளங்கையளவான கறுப்பு வட்டொன்றைக் கொண்டுவந்தார். வீட்டுப் பொருள்களையெல்லாம் ஓரிடத்திலிருந்து இயக்கும் 'ஹப்' அது. புதிய பொருள்கள் வைஃபை வழியாக அதனோடு பேசும். பழைய பெட்டிக்கோ வைஃபையும் தெரியாது, இணையமும் தெரியாது. அதற்குத் தெரிந்த மொழி செங்கீழ்க் கதிர் ஒன்றே.

அம்மொழியை அண்ணன் விளக்கிய விதம் இன்றும் மனத்தில் நிற்கிறது. ரிமோட்டைத் தொலைபேசியின் கமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினார். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத அதன் நுனியில், கமராத் திரையில் ஊதாநிறமான ஒளியொன்று படபடத்தது. அப்பாயி வியந்துபோய் மீண்டும் மீண்டும் அழுத்தச் சொன்னார். அந்த ஒளி பெரும்பாலான ரிமோட்டுகளில் வினாடிக்கு ஏறத்தாழ 38,000 தடவை துடிக்கிறது. வெயிலையும் மின்குமிழின் வெளிச்சத்தையும் விலக்கி இத்துடிப்பை மட்டும் பெட்டி இனங்காண்பது அதனால்தான். துடிப்பை விட்டுவிட்டு அனுப்பும் கால அளவுகளின் வேறுபாட்டிலேதான் 'எழும்பு', 'ஒலியைக் கூட்டு' என்ற கட்டளைகள் எழுதப்பட்டுள்ளன. ஹப்பின் முன் ரிமோட்டைப் பிடித்து ஒவ்வொரு பொத்தானையும் ஒருமுறை அழுத்த, அது அந்தக் கால அளவுகளைப் பதிந்துகொள்ளும். பிறகு கிளிப்பிள்ளை போல் தானே சொல்லும். பொருளறிந்து சொல்வதன்று. சொன்னதைச் சொல்வது.

இதில் சில சங்கடங்களும் நேர்ந்தன. அலைவரிசை எண்ணின் மூன்று இலக்கங்களையும் ஹப் மூச்சுவிடாமல் அனுப்பியதால் செய்மதிப் பெட்டி நடு இலக்கத்தைத் தவறவிட்டு, நாடகத்துக்குப் பதிலாகச் சமையல் நிகழ்ச்சியைக் கொணர்ந்தது. இலக்கங்களுக்கிடையில் அரை வினாடி இடைவெளி வைத்த பின்னரே சீரானது. செங்கீழ்க் கதிர் சுவரை ஊடுருவாது. ஆனால் வெள்ளையடித்த சுவரிற் பட்டுத் தெறிக்கும். ஆகவே ஹப்பை எதிர்ச்சுவரில், சாமிப்படங்களுக்குக் கீழே வைத்தோம். இறுதியில் அகன்ற பொத்தானொன்றை அண்ணன் கட்டிலோரத்தில் ஒட்டினார். உள்ளங்கையால் ஒருமுறை தட்டினால் இரண்டு பெட்டிகளும் எழும்பி, அப்பாயி விரும்பும் அலைவரிசையும் வந்துவிடும். அன்று அவர் முகத்திற் கண்ட மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

எனினும் பழைய பெட்டிக்குப் பெருங்குறை ஒன்றிருந்தது. அது கேட்கும், பதில் சொல்லாது. எழுப்புவதற்கும் அணைப்பதற்கும் அதன் ரிமோட்டில் ஒரே பொத்தான், ஒரே கட்டளை. ஹப், கட்டளையை அனுப்பிவிட்டுப் 'பெட்டி எரிகிறது' என்று தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். மழைக்காலத்தில் சவுக்கு முறிந்து கம்பியில் விழுந்து மின்சாரம் போய் வந்தால், பெட்டி உறங்கிக்கிடக்கும். கணக்கில் அது எரிந்துகொண்டேயிருக்கும். அதன்பின் எல்லாம் தலைகீழ். அப்பாயி எழுப்பத் தட்டினால் ஒன்றும் நடவாது. அண்ணன் கொழும்பிலிருந்து அணைக்க முயன்றால் நள்ளிரவிற் பெட்டி பாடத் தொடங்கும்.

இதை அப்பாயிக்கு விளக்கியபோது அவர் சிரித்தார். "அந்தக் காலத்துப் பெரட்டுத் தப்பு மாதிரின்னு சொல்லு. தப்படிக்கிறவன் விடியக்காலையில அடிச்சிட்டுப் போயிருவான். யாரு எந்திரிச்சா, யாரு காய்ச்சல்ல கெடக்கான்னு அவனுக்கு என்னா தெரியும்? பேரு போடறப்பதான் தெரியும்." ஹப்பின் இயல்பை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பொறியியலாளரும் எனக்கு விளக்கியதில்லை.

தூரத்திலிருந்து பெட்டியை ஆளும் ஆசை புதியதன்று. அமெரிக்காவின் செனித் நிறுவனம் 1950இல் விற்ற முதல் ரிமோட் பெட்டியோடு நீண்ட கம்பியாற் பிணைக்கப்பட்டிருந்தது. அது காலை இடறியதாம். 1955இல் யூஜின் போலி என்பார் ஒளிக்கற்றையால் இயங்கும் ஒன்றைச் செய்தார். சாளர வெயில் பட்டாலும் பெட்டி தானே மாறிற்று. மறுவருடம் ரொபேர்ட் அட்லர், அலுமினியக் கோல்களைத் தட்டி மனிதச் செவிக்கு எட்டாத ஒலியெழுப்பும் வகையைக் கொணர்ந்தார். அதற்கு மின்கலமே வேண்டாம். செங்கீழ்க் கதிர் அதன் பின் வந்தது. நம் நாட்டில் 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி தொடங்கி, எங்கள் மலைகளுக்கப்பாலுள்ள பீதுருதாலகாலையின் உச்சியிலிருந்து ஒளிபரப்பு இறங்கிய காலத்தில், முழு லயத்துக்கும் ஒரு பெட்டியே இருந்தது என்று அப்பாயி சொல்வார். அந்நாளில் ரிமோட் என்பது பெட்டிக்கு அருகில் அமர்ந்திருந்த சிறுவன்தான்.

இவையனைத்திலும் கட்டளை ஒரு திசையிலேயே சென்றது. மறுமொழி வரும் வழியைத் தேடியவர்களும் உண்டு. எங்களுக்குக் கீழே பள்ளத்தாக்கில், 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையுடன் ஒரு முயற்சி செய்தது. நேயர்கள் கேள்வி கேட்பர். நிலையத்தார் இணையத்தில் விடை தேடி வானொலியிற் சொல்வர். கேட்க மட்டுமே தெரிந்த வானொலிப் பெட்டிக்கு அவர்கள் ஒரு வாயைக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அண்ணன் எங்கள் பெட்டிக்குக் கொடுத்த வாய், மின்சாரத்தை அளக்கும் ஒரு செருகி. பெட்டி எரிந்தால் அறுபதுக்கு மேற்பட்ட வாட், உறங்கினால் நான்கு. கட்டளையை அனுப்பிவிட்டு ஹப் இனி ஊகிக்க வேண்டியதில்லை. எண்ணைப் பார்த்து அறிந்துகொள்ளும். அந்த எண்ணின் ஏற்ற இறக்கம் எங்கள் தொலைபேசிகளிலும் ஒரு கோடாகத் தெரிந்தது. காலை ஆறுமணிக்குப் பக்திப்பாடலுக்காகக் கோடு எழும். ஒன்பதுமணி நாடகம் முடிந்ததும் விழும். அம்மா குவைத்தில், அண்ணன் கொழும்பில், நான் பேராதனை விடுதியில். மூவரும் மூன்றிடத்திலிருந்து அந்தக் கோட்டைப் பார்த்து 'அப்பாயி எழுந்துவிட்டார்', 'அப்பாயி படுத்துவிட்டார்' என்று ஆறுதலடைந்தோம். தொலைபேசியில் அழைப்பது குறைந்தது. இதை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை.

2024 ஆவணியில் ஓர் இரவு. ஒப்படை எழுதிக்கொண்டிருந்த நான் ஒருமணியளவிற் செயலியைத் திறந்தேன். கோடு விழவில்லை. மாலை ஏழுமணிக்கு எழுந்தது அப்படியே நின்றது. பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டார், மின்கட்டணம் வேறு ஏறுகிறதே என்று எண்ணி அணைக்கும் பொத்தானை அழுத்தினேன். அறுபத்துநான்கு நான்காயிற்று. கட்டளை போய்ச் சேர்ந்தது, பதிலும் வந்தது. தொலைவில் இருந்துகொண்டு அப்பாயிக்குப் போர்வை போர்த்திவிட்டவள் போன்ற நிறைவோடு உறங்கப் போனேன்.

அப்பாயி அப்போது குசினி வாசற்படியருகே தரையிற் கிடந்தார். எட்டரை மணிக்குத் தேநீர் எடுக்கச் சென்று திரும்பியவர், படி இடறி விழுந்து இடுப்பெலும்பு வெடித்திருந்தது. தொலைபேசி கட்டிலில் இருந்தது. இரவில் அவருக்குத் துணையாகப் படுக்கும் பக்கத்துக் காம்பரா அத்தையின் மகளும், லயத்தாருட் பெரும்பாலோரும் கல்யாணமொன்றுக்காக அட்டனுக்குப் போயிருந்தனர். அந்தச் செய்தி எனக்குத் தெரியாது. மின்சாரத்தை மிச்சப்படுத்த மின்குமிழை அணைத்துவிட்டு நாடகம் பார்ப்பது அவர் வழக்கம். ஆகவே காம்பராவில் இருந்த ஒரே வெளிச்சம் அந்தப் பெட்டி. நான் அணைத்த பிறகு விடியும் வரை இருளிலும் குளிரிலும் கிடந்தார். ஆறுமணிக்குத் திரும்பிவந்த அத்தைதான் கண்டெடுத்து, கூடத்துணியிற் கிடத்தி, ஆட்களைக் கூட்டி வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார்.

செருகி பொய் சொல்லவில்லை. மின்சாரம் ஓடுகிறது என்றுதான் அது சொன்னது. யார் பார்க்கிறார் என்று நான் அதனிடம் கேட்கவும் இல்லை, கேட்டிருந்தாலும் அது அறியாது. ஒரு தொலைபேசி அழைப்பை எடுத்திருந்தால், பதில் வராமை எனக்கு ஏதாவது உணர்த்தியிருக்கும்.

சத்திரசிகிச்சை முடிந்து ஒரு மாதத்தின் பின் வீடு திரும்பினார். அண்ணன் இம்முறை கமரா வைக்கலாம் என்றார். "காம்பராவுக்குள்ள ஒரு கங்காணி வேணாம்ப்பா" என்று அப்பாயி சொல்லிவிட்டார். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. கடைசியில் கழுத்தில் தொங்கவிடும் அழைப்புப் பொத்தான் ஒன்றை ஏற்றுக்கொண்டார். அதை அழுத்தினால் எங்கள் மூவர் தொலைபேசியும் அத்தையினுடையதும் ஒன்றாக ஒலிக்கும். ஹப்புக்குப் பெட்டியை எழுப்ப மட்டும் அனுமதி. அணைக்கும் கட்டளையை அதன் நினைவிலிருந்து நீக்கச் சொல்லி நான்தான் கேட்டேன். காரணத்தை அண்ணன் கேட்கவில்லை. செயலியின் பதிவேட்டில் அந்த இரவின் நேரமும் என் பெயரும் இருந்தன. அவர் அதைப் பார்த்திருக்கக்கூடும்.

அப்பாயி அந்த இரவைப் பற்றிப் பேசுவதுண்டு. "பொட்டி எரிஞ்சவரைக்கும் பயமில்ல கண்ணு. யாரோ பேசிக்கிட்டிருந்த மாதிரி இருந்துச்சு. பெறகு கரண்டு போயிருச்சு." அவரிடம் நான் இதுவரை சொல்லவில்லை. இக்கட்டுரையை அவரால் வாசிக்கவும் முடியாது.

சென்ற விடுமுறையில் வீட்டிலிருந்தேன். ஒன்பதுமணி நாடகம் முடிந்தது. வெளியே பனி இஸ்தோப்பு வரை வந்திருந்தது. கட்டிலில் சாய்ந்திருந்த அப்பாயி, பொலித்தீன் பையோடு ரிமோட்டை என் பக்கம் நீட்டினார்.

"நீயே அணைச்சிரு கண்ணு. எனக்குக் கை வரல."

மின்குமிழைப் போட்டுவிட்டு வாங்கிக்கொண்டேன்.