காற்றில் கலந்த கணக்கு

அண்ணன் தம்பி இருவருமாகத் திருச்சியில் குளிர்சாதனப் பெட்டிகளையும் ஏ.சி. இயந்திரங்களையும் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றை நாங்கள் நடத்தி வருகிறோம். பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் தொழில்நுட்பங்களைப் பற்றிச் சென்னையில் இரு நாள் மாநாடு நடைபெறுவதாக, உதிரிப்பாகக் கடை நண்பர் ஒருவர் தெரிவித்தார். 'அறிஞர் கூடும் அவையில் நமக்கென்ன வேலை?' என்றே முதலில் எண்ணினோம். கோடை முடிந்து வேலை குறைந்திருந்த நேரமாதலால் புறப்பட்டுவிட்டோம்.

முதல் நாள் முழுவதும் வியப்பிலேயே கழிந்தது. பாதிக்குமேல் எங்களுக்கு விளங்கவில்லை என்பதை மறைப்பானேன்! மனத்தில் தங்கியது ஒரே ஒரு படம். ஐஸ்லாந்து நாட்டில் 2021 செப்டம்பரில் இயங்கத் தொடங்கிய 'ஓர்கா' என்னும் ஆலையின் படம் அது. பெரிய விசிறிகள் காற்றை உள்ளிழுக்கின்றன. அதிலுள்ள கரியமில வாயு பிரித்தெடுக்கப்பட்டு, நீரில் கரைக்கப்பட்டு, நிலத்தடிப் பாறைக்குள் செலுத்தப்படுகிறது. அங்கே அது நாளடைவில் கல்லாகவே மாறிவிடுகிறது! ஆண்டுக்கு 4,000 டன் வரை பிரிக்கவேண்டும் என்பது அதன் திட்டம். மனித அறிவின் உயரத்தை எண்ணி மெய்சிலிர்த்தோம்.

இரண்டாம் நாள், கூட்டமில்லாத ஒரு சிறிய அறையில், குளிரூட்டும் வாயுக்களைப் பற்றி ஓர் அம்மையார் உரையாற்றினார். எங்கள் தொழிலில் 'கேஸ்' என்று சொல்கிறோமே, அதைப் பற்றித்தான். பழைய குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த வாயு வகை ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மோலினா, ரோலண்டு என்ற அறிஞர்கள் 1974இல் எச்சரித்ததும், 1987இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை பிறந்ததும் நாங்கள் ஓரளவு அறிந்தவையே. ஓசோனுக்குத் தீங்கு செய்யாத ஆர்-410ஏ வந்தபோது தொல்லை தீர்ந்தது என்றிருந்தோம். தீரவில்லை. அவ்வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில், ஏறத்தாழ 2,000 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகப் பூமியைச் சூடாக்குமாம். பழைய ஆர்-22 சுமார் 1,800 மடங்கு. இப்போது பரவிவரும் ஆர்-32 கூட 675 மடங்கு. இவ்வகை வாயுக்களைக் குறைக்கவே 2016இல் கிகாலி நகரில் உடன்படிக்கை திருத்தப்பட்டது. 2021இல் இந்தியாவும் அதனை ஏற்றது.

திரும்பும் இரவு இரயிலில் தம்பி ஒரு தாளில் கணக்குப் போட்டார். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றில் ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ் இருக்கும்.

"அண்ணா, அந்த ஆலை ஓராண்டெல்லாம் உழைத்துப் பிடிப்பதை, 2,000 ஏ.சி.க்களின் கேஸை வெளியே விட்டால் ஈடுகட்டிக் கெடுத்துவிடலாம். இத்தனை ஆண்டுகளில் நாம் எவ்வளவு விட்டிருப்போம்?"

விழுப்புரம் தாண்டும்வரை இருவரும் பேசவில்லை.

பழைய இயந்திரத்தைக் கழற்றும்போது நட்டைத் தளர்த்துவோம். புஸ்ஸென்று கேஸ் வெளியேறும். அந்த ஓசை எங்களை ஒருநாளும் உறுத்தியதில்லை. அதைவிடப் பெரியது வேறொன்று. குளிர்ச்சி குறைந்துவிட்டது என்று அழைப்பார்கள். போய்க் கேஸ் ஏற்றிவிட்டு வருவோம். வண்டி பெட்ரோல் குடிப்பதுபோல ஏ.சி. கேஸைக் குடிப்பதில்லையே! மூடிய குழாய்க்குள் அதுவே சுற்றிச் சுற்றி வரவேண்டும். ஆகவே, குறைந்ததை ஈடுசெய்ய ஏற்றிய ஒவ்வொரு கிலோவும், முன்பே காற்றில் கலந்துவிட்ட ஒரு கிலோவுக்குப் பதில். கசிவை அடைக்காமல் நிரப்பியதால், மறு கோடையிலும் அதே வீட்டார் அழைத்தனர். அந்த மறு அழைப்பில்தான் எங்கள் குடும்பங்களின் வருமானம் பெரிதும் அடங்கியிருந்தது. எழுத வெட்கமாயிருக்கிறது, ஆயினும் உண்மை அதுதான்.

ஊர் திரும்பியதும், பழைய கேஸை வெளியே விடாமல் உறிஞ்சிச் சிலிண்டரில் சேர்க்கும் இயந்திரம் ஒன்றைக் கடன்பட்டு வாங்கினோம். கேஸ் குறைந்த வீட்டில் இப்போது, மீதியை உறிஞ்சிய பின் நைட்ரஜனை அழுத்தி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவைத் தேடுகிறோம். பெரும்பாலும் குழாய் முனையைச் செம்மையாக விரிக்காமல் நட்டு முடுக்கிய இடத்தில்தான் குமிழி கிளம்பும். அதைச் சரிசெய்து, குழாயை வெற்றிடமாக்கி, எடைபோட்டுக் கேஸ் ஏற்றுகிறோம். முன்பு முக்கால் மணியில் முடிந்த வேலைக்கு இப்போது அரைநாள் ஆகிறது. வாசகர்களே, 'கேஸ் குறைந்துவிட்டது' என்று எவரேனும் சொன்னால், 'எங்கே கசிகிறது?' என்று நீங்களும் கேளுங்கள்.

எல்லாரும் இதை ஏற்கவில்லை. நெடுநாள் பழகிய பெரியவர் ஒருவர், "போன வருடம் நீங்கள்தானே நொடியில் முடித்தீர்கள்? இப்போது மட்டும் ஏன் இரட்டைக் கூலி?" என்றார். போன வருடம் நாங்கள் செய்தது சரியான வேலையன்று என்று அவரிடம் சொல்லவேண்டியதாயிற்று. அவர் வேறு ஆளை அழைத்துக்கொண்டார். அவ்வாறு 11 வீடுகளை இழந்தோம்; இரண்டு வீட்டார் திரும்பி வந்துள்ளனர். கடன் தவணைக்கு இந்த மாதமும் தங்கையிடம் கைநீட்டினோம்.

பட்டறை மூலையில் அந்தச் சிலிண்டர் நிற்கிறது. பல இயந்திரங்களின் கேஸ் கலந்துவிட்டதால் அதனை மீண்டும் ஏற்ற இயலாது. நேற்று எடைபோட்டோம்: 6 கிலோ. அதை முறைப்படி எங்கே ஒப்படைப்பது என்று உதிரிப்பாகக் கடை நண்பரிடமே கேட்டிருக்கிறோம். விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.