கிராண்ட் கேன்யன்: விளிம்பில் இரண்டு நாட்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கொலராடோ நதி அறுத்துச் சென்ற கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு, ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் ஆழமுடையது. அதனுள் எழும் சிகரங்கள் சிலவற்றுக்கு விஷ்ணு, சிவன், பிரம்மா ஆலயங்கள் என்றே பெயர். முதலிரண்டு பெயர்களையும் சூட்டியவர் 19-ஆம் நூற்றாண்டு நிலவியலாளர் கிளாரன்ஸ் டட்டன். அங்கே சந்நிதி ஏதுமில்லை. கோபுரமாய் நிமிர்ந்த பாறைகளே உண்டு.

அந்நாட்டிலுள்ள பிள்ளைகளைக் காணச் செல்லும் மூத்தோர், ஒரு வார இறுதியில் இவற்றைக் கண்டு திரும்பலாம். வசந்தமும் இலையுதிர் காலமும் உகந்தவை. தங்குமிடத்தைப் பல மாதங்கள் முன்பே பதிவு செய்தல் நலம். முதல் நாள் தெற்கு விளிம்பில் சூரிய அஸ்தமனம். மறுநாள் உதயம், பிறகு விளிம்பையொட்டிய நடைபாதையில் சிறிது தூரம். இப்பாதையின் பெரும்பகுதி செப்பனிடப்பட்டது. பூங்காவினுள் கட்டணமில்லாப் பேருந்துகளும் ஓடுகின்றன.

கீழே இறங்கிப் பார்க்கும் ஆசை எழும். நம் மலைக்கோயில்களில் களைத்தால் பாதி வழியில் இறங்கிவிடலாம். இங்கோ முதலில் இறக்கம்; களைத்த பின்னரே ஏற்றம். இறங்கிய நேரத்தைப்போல் இருமடங்கு நேரம் ஏற வேண்டியிருக்கும். கோடையில் அடிப்பகுதியின் வெப்பம் 40 பாகை செல்சியஸைக் கடக்கும். கடன் பெறுவது எளிது, அடைப்பது அரிது என்பதை வங்கியில் பணியாற்றியவன் சொல்லவேண்டியதில்லை. ஆகவே, விளிம்பில் நின்றே கண்குளிரக் காண்போம்.